ஜெல்லி உறைவதும் உறையாததும்

கார்த்திகை பிறந்து குளிர் கூடத் தொடங்கியதும் வடநாட்டுக் கடைத்தெருக்களில் கொய்யாப்பழம் வந்து குவிகிறது. தில்லியிலும் லக்னோவிலும் அதனை அம்ரூத் என்று கூவி விற்பார்கள். மும்பையில் வாழும் நம்மவருக்கு அது பேரூ, கொல்கத்தாவில் பேயாரா, பெங்களூரில் சீபே ஹண்ணு, ஹைதராபாத்தில் ஜாம பண்டு. பெயர் எதுவாயினும் பழம் ஒன்றே. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், மாவடுவும் நார்த்தங்காயும் போட்டுப் பழகிய கைகள் இந்தப் பருவத்தில் கொய்யா ஜெல்லியும் செய்து பார்க்க ஆசைப்படுவது இயல்பே. அண்டை வீட்டார் அன்போடு கொடுத்த ஒரு சீசா, வெயிலில் பிடித்துப் பார்த்தால் மாணிக்கம்போல் ஒளிரும். அந்த ஆசையைத் தூண்ட அதுவே போதும்.

செய்து பார்க்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. ஓராண்டு அழகாக உறைகிறது. மறு ஆண்டு அதே கை, அதே அளவு, அதே அடுப்பு. ஆனால் சீசாவைச் சாய்த்தால் பாகாக வழிந்தோடுகிறது. இரண்டு கிலோ பழமும், ஒரு கிலோவுக்குக் குறையாத சர்க்கரையும், ஒரு முழுப் பிற்பகலும் வீணாயின என்ற வருத்தத்தில், "இதற்கெல்லாம் கைராசி வேண்டும்" என்று சொல்லி அந்த முயற்சியையே பலர் கைவிட்டுவிடுகின்றனர். கைராசிக்கும் ஜெல்லிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பழத்தில் உள்ள ஒரு பொருள், புளிப்பு, சர்க்கரை, சூடு ஆகிய நான்கும் ஓர் அளவில் கூடும்போது ஜெல்லி உறைகிறது. ஒன்று பிசகினாலும் உறைவதில்லை. அந்த நான்கனுள் பிசகியது எது என்று கண்டுகொள்ளத் தெரிந்தவருக்குச் சர்க்கரை வீணாவது அரிது.

பழத்தில் உள்ள அப்பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். 1825-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞரான ஆன்ரி பிரகோனோ என்பவர் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். உறைதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. செடிகொடிகளின் உயிரணுச் சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் பசை இதுவே. காய் காயாக இருக்கும்போது இப்பசை நீரில் கரையாத உருவில் இருக்கிறது. காய் கல்லென இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுக்கும் தறுவாயில் அது கரையக்கூடிய பெக்டினாக மாறுகிறது. பழம் அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டாலோ, அந்தப் பெக்டினும் சிதைந்து, ஜெல்லிக்கு உதவாத வேறொரு பொருளாகிவிடுகிறது. கைபட்டால் குழையும் பழத்தை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து ஜெல்லிக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

உறைதல் எவ்வாறு நிகழ்கிறது? பெக்டின் என்பது நூல்போல் நீண்ட துகள்களால் ஆனது. பழச்சாற்றில் இந்த நூல்கள் ஒவ்வொன்றும் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, தம்மைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. புளிப்புச் சேரும்போது அந்த மின்னூட்டம் தணிகிறது. நூல்கள் ஒன்றையொன்று நெருங்கத் தயாராகின்றன. சர்க்கரையோ அவை போர்த்தியிருந்த நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. கொதித்து நீர் வற்றிய பாகு ஆறும்போது, நூல்கள் ஆங்காங்கே பற்றிக்கொண்டு வலையாகின்றன. அந்த வலையின் கண்களில் பாகு சிக்கி நிற்பதைத்தான் நாம் ஜெல்லி என்கிறோம். புளிப்பு இல்லையேல் நூல்கள் நெருங்கா; சர்க்கரை குறைந்தால் நீர் விலகாது; பெக்டினே இல்லையேல் வலை பின்ன நூலே இல்லை.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் நலம். கடையில் பொட்டலமாக விற்கும் ஜெல்லிப் பொடிகளில் பல, ஜெலட்டின் சேர்ந்தவை. ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மரக்கறி உணவு உண்போர் பொட்டலத்தின் மேலுள்ள குறியைப் பார்த்து வாங்க வேண்டும். சைனா கிராஸ் எனப்படும் அகர் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. பெக்டின் முற்றிலும் தாவரப் பொருள். வீட்டில் பழத்திலிருந்து செய்யும் ஜெல்லியைப் பற்றி எவரும் ஐயுற வேண்டுவதில்லை.

எல்லாப் பழங்களிலும் பெக்டின் ஒரே அளவில் இல்லை. கொய்யா, விளாம்பழம், களாக்காய், புளிப்பு ஆப்பிள் ஆகியவற்றில் அது மிகுதி. இவற்றுள் விளாம்பழத்திலும் களாக்காயிலும் புளிப்பும் உடனிருப்பதால் வேலை எளிது. மகாராஷ்டிரத்தில் உள்ளவர்கள் கோடைக் கடைசியில் மலைப்பக்கத்திலிருந்து வரும் கரவந்தாவை, அதாவது நம் களாக்காய் இனத்தை, கண்டால் விடக்கூடாது. கொய்யாவில் பெக்டின் உண்டு, புளிப்புப் போதாது. அதற்காகவே எலுமிச்சையைத் துணைக்கு அழைக்கிறோம்.

வட இந்தியாவில் கொய்யா இருமுறை காய்க்கிறது. மழைக்காலத்துப் பழம் நீர்த்த சுவையுடையது. ஈப்புழு அதில்தான் மிகுதி. ஜெல்லிக்கு ஏற்றது நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் குளிர்காலப் பழமே. அலகாபாத் சபேதா என்னும் வெண்சதைக் கொய்யா நாடறிந்தது. அவ்வூர் 2018 முதல் பிரயாக்ராஜ் ஆகிவிட்ட போதிலும் பழத்தின் பெயர் பழையபடியே இருக்கிறது. லக்னோ-49 என்பதும் சிறந்த வகை. இதன் பெயரைக் கேட்டு லக்னோவில் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். 1927-இல் புனே நகரின் கணேஷ்கிண்ட் தோட்டத்தில் அலகாபாத் சபேதாவின் நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது அது. நம்மைப்போல் அதுவும் பிறந்த ஊர் ஒன்று, பேர் சொல்லும் ஊர் ஒன்று என்று வாழ்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நன்கு பழுத்தும் கெட்டியாக இருக்கும் பழம் முக்கால் பங்கும், மஞ்சள் ஏறத் தொடங்கிய செங்காய் கால் பங்குமாக இரண்டு கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். மணம் பழத்திலிருந்து வரும். பெக்டின் செங்காயிலிருந்து வரும். கழுவித் தோல் சீவாமல், விதையும் நீக்காமல், மெல்லிய வில்லைகளாக அரிந்து, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் போட்டு, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். நம் வீடுகளில் தலைமுறையாக வரும் பித்தளை உருளி, ஈயம் பூசாததாயின், புளிப்புப் பண்டத்துக்கு ஆகாது. இரும்புச் சட்டியில் செய்தால் கொய்யாவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சாறு கறுத்துவிடும்.

வெந்த பழத்தை மல்துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, இரவு முழுவதும் தொங்கவிட வேண்டும். சாறு தானாகச் சொட்ட வேண்டும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் சதைத்துகள் வந்து ஜெல்லி கலங்கிப்போகும். உறைவதற்கு அதனால் தடையில்லை, ஆனால் மாணிக்க ஒளியை மறந்துவிட வேண்டியதுதான்.

சாறு கிடைத்ததும் நேரே சர்க்கரையைக் கொட்டுவதுதான் பலர் தவறும் இடம். அந்தச் சாற்றில் பெக்டின் எவ்வளவு என்று முதலில் அறிதல் வேண்டும். ஆய்வுக்கூடங்களில் சாராயச் சத்து விட்டுச் சோதிப்பார்கள். அது திரண்டு ஒரே கட்டியானால் பெக்டின் மிகுதி, துண்டு துண்டாகத் திரண்டால் நடுத்தரம், துகள் துகளாக நின்றால் குறைவு. வீட்டில் அந்த நச்சுப் பொருளுக்கு வேலையில்லை. கால் டம்ளருக்குச் சற்று மேற்பட்ட சாற்றை, அதில் முக்கால் அளவு சர்க்கரை சேர்த்து, சிறு பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பதம் வந்ததும் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். அது உறைந்தால் எல்லாம் உறையும். உறையாவிட்டால் நட்டமாவது ஒரு கைப்பிடிச் சர்க்கரை மட்டுமே. அப்போது சாற்றை மேலும் வற்றவைத்தோ, செங்காய்ச் சாறு கொஞ்சம் கூட்டியோ மறுபடி சோதிக்கலாம்.

கொய்யாச் சாற்றுக்கு நான்கு டம்ளருக்கு மூன்று டம்ளர் சர்க்கரை என்பது பொதுவாகப் பொருந்தும் கணக்கு. ஒரு லிட்டர் சாற்றுக்கு நல்ல சாறுள்ள எலுமிச்சம்பழம் இரண்டு. வாயகன்ற பெரிய பாத்திரத்தில் சாற்றைச் சுடவைத்து, சர்க்கரையைப் போட்டுக் கரையும் வரை கிளறி, பிறகு தீயை முழுதும் தூண்டி மளமளவெனக் கொதிக்கவிட வேண்டும். கொதி பாதி கடந்தபின் எலுமிச்சைச் சாற்றை விடலாம். ஏறத்தாழ இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிட வேண்டும். சிறு தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சினால், பெக்டின் சூட்டிலும் புளிப்பிலும் சிதைந்து அறுந்துபோகும். பாகு கெட்டியாகத் தோன்றும், உறையாது. இதே காரணத்தால் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட சாற்றை ஒரே தடவையில் காய்ச்சவும் கூடாது. உறவினர் அனைவருக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் முடித்துவிடலாம் என்னும் நம் கல்யாண வீட்டுப் பழக்கம் இங்கே செல்லாது.

இனிப் பதம். தமிழ்நாட்டுச் சமையலறையில் பதம் என்ற சொல்லை அறியாதவர் இல்லை. அதிரசத்துக்கு ஒன்று, பொருள்விளங்கா உருண்டைக்கு ஒன்று என்று பாகைப் பார்த்தவுடனே சொல்லும் கண் நமக்கு உண்டு. ஜெல்லியில் அந்தக் கண்ணே சிலசமயம் நம்மை ஏமாற்றுகிறது. விரல்களுக்கிடையே கம்பி இழுத்துப் பார்த்து, இழை வரும் வரை காத்திருந்தால், ஜெல்லியின் பதம் கடந்தே போயிருக்கும். ஆறியபின் அது மிட்டாய்போல் இறுகிவிடும். ஜெல்லிக்குரியது தகட்டுப் பதம். கரண்டியைப் பாகில் முக்கி எடுத்து, ஆவி படாத இடத்தில் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் தண்ணீர்போல் வழியும். பிறகு இரண்டு கனத்த துளிகள் கரண்டி விளிம்பில் தயங்கி நின்று தனித்தனியே விழும். பின்னர் அவ்விரு துளிகளும் ஒன்றாகச் சேர்ந்து, சிறு தகடுபோல் தொங்கி அறுந்து விழும். அந்தக் கணமே அடுப்பை அணைக்க வேண்டும்.

வெப்பமானி உள்ளவர்கள் 105 டிகிரி சென்டிகிரேடில் இறக்கலாம் என்று சமையல் நூல்களில் படித்திருப்பார்கள். சென்னைக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் அது சரி. கடல்மட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்ல, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியில் கொதிக்கிறது. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் சுமார் 93 டிகிரியில். ஜெல்லிப் பதமோ, அந்தந்த ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குச் சுமார் 5 டிகிரி மேலே இருப்பது. ஆகவே பெங்களூரில் 102, சிம்லாவில் 98. சென்னையில் வாழும் தாய் எழுதியனுப்பிய 105 என்னும் கணக்கைச் சிம்லாவில் வாழும் மகள் அப்படியே கடைப்பிடித்தால், நீர் முற்றும் வற்றிச் சர்க்கரை கற்கண்டாகப் பூத்துவிடும். இருவர் மீதும் குற்றமில்லை. இடையில் நிற்கும் மலையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்தினர் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதன் சூட்டைக் குறித்துக்கொள்வது நல்லது.

எந்த ஊரிலும் மாறாத கணக்கு ஒன்று உண்டு. பாத்திரத்தை முன்கூட்டியே நிறுத்து வைத்துக்கொண்டால், காய்ச்சிய ஜெல்லியின் எடை, போட்ட சர்க்கரையின் எடையைப்போல் ஒன்றரை மடங்காகும்போது பதம் வந்துவிட்டதென அறியலாம். 750 கிராம் சர்க்கரைக்கு 1,125 கிராம் ஜெல்லி. தராசு பொய் சொல்லாது, கண் சொல்லக்கூடும்.

கொதிநீரில் பத்து நிமிஷத்துக்குமேல் வெந்த சீசாக்களில் சூட்டோடு ஊற்றி மூடி, அசையாத இடத்தில் வைக்க வேண்டும். உறைந்ததா என்று மணிக்கொருதரம் சாய்த்துப் பார்ப்பது குழந்தைகளுக்கு மட்டுமே உரிய பழக்கமன்று; பின்னிக்கொண்டிருக்கும் வலை அதனால் அறுபடும். ஒரு முழுநாள் பொறுக்க வேண்டும். மேலே மெழுகை உருக்கி ஊற்றும் பழைய வழக்கத்தை இன்று நிபுணர்கள் ஏற்பதில்லை. மெழுகின் ஓரத்தில் இடைவெளி விழுந்து பூஞ்சணம் புகுந்துவிடுகிறது. கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் இது மிகவும் மெய்.

மறுநாளும் உறையவில்லையெனின், கொட்டிவிட வேண்டாம். ஒரு டம்ளர் மட்டும் எடுத்து, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மீண்டும் கொதிக்கவைத்துப் பாருங்கள். உறைந்தால் புளிப்பே குறை. உறையாவிட்டால் பெக்டின் குறை. புதிய செங்காய்ச் சாறு சேர்க்கலாம், அல்லது கடையில் விற்கும் பெக்டின் பொடியைச் சிறிது சர்க்கரையுடன் கலந்து தூவலாம். வெறும் பொடியாகப் போட்டால் கட்டி தட்டும். உறைந்த ஜெல்லியிலிருந்து நீர் கசிந்தால் புளிப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். மணல்போல் நெருடினால் சர்க்கரை மிகுதி. எதற்கும் இணங்காத பாகைத் தண்ணீரில் கரைத்தால் குழந்தைகளுக்கு நல்ல சர்பத். நீரிழிவுக்கு அஞ்சிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குறைத்தால் இந்த ஜெல்லி உறையாது. அதற்கென வேறுவகைப் பெக்டின் உண்டு. அது சுண்ணச்சத்தைக் கொண்டு உறைவது. அதுவரை, குறைவாகத் தின்பதே வழி.

கொய்யாச் சாறு கைவசப்பட்டவர்கள் அடுத்து முயலத்தக்கது மிளகாய் ஜெல்லி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பெரிதும் விரும்பப்படுகிறது. ஆங்கிலத்தில் பெப்பர் ஜெல்லி என்பர். பெப்பர் என்றவுடன் நம் மிளகு என்று எண்ணிவிடக் கூடாது. மிளகைத் தேடிப் புறப்பட்ட ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் காரமான காயைக் கண்டு அதற்கும் மிளகின் பெயரையே வைத்தனர். போர்த்துகீசியர் அதனை இங்கே கொணர்ந்தபோது நாமும் மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். அங்கு குடைமிளகாயையும் கார மிளகாயையும் நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, பெக்டினை விட்டு உறையச் செய்கிறார்கள். மிளகாயில் பெக்டின் சொற்பம், புளிப்பும் இல்லை. ஆதலால் இரண்டையும் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். நமக்கு அந்தப் பெக்டினைக் கொய்யாவே தருகிறது.

முன்சொன்ன ஒரு லிட்டர் சாறு, முக்கால் பங்கு சர்க்கரை, எலுமிச்சை இரண்டு என்ற கணக்கோடு, பொடியாக நறுக்கிய சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, பச்சை மிளகாய் ஐந்தாறு, வினிகர் 100 மில்லிலிட்டர் சேர்த்துக் காய்ச்சினால் போதும். அஸ்ஸாமில் வசிப்பவர்கள் பூத் ஜொலோகியாவைப் போட நினைத்தால் ஒன்றில் கால்வாசியோடு நிறுத்துக. நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் ஆவி கண்ணைக் கரிக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இறக்கியவுடன் ஊற்றினால் மிளகாய்த் துண்டுகள் அனைத்தும் மேலே மிதந்து நின்றுவிடும். ஐந்து நிமிஷம் பொறுத்து, பாகு சற்றுத் தடித்ததும் ஒருமுறை மெதுவாகக் கலக்கி ஊற்றினால் துண்டுகள் சீசா முழுவதும் பரவி நிற்கும்.

புளிப்பின் அளவை மட்டும் இதில் குறைக்கலாகாது. காரம் நாக்கின் விருப்பம். வினிகரும் எலுமிச்சையும் பாதுகாப்பு. சர்க்கரையையும் குறைத்து, புளிப்பையும் விட்டுவிட்டு, மிளகாயைக் காற்றுப் புகாத சீசாவில் அடைத்து வைத்தால், உயிருக்கே உலைவைக்கும் பொட்டுலிசம் என்னும் நச்சு அதில் உண்டாக இடமுண்டு. மணத்தாலோ நிறத்தாலோ அதனை அறிய முடியாது. திறந்த சீசாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுக்க வேண்டும்.

அமெரிக்கர் இதனைப் பாலாடைக்கட்டியின்மேல் வைத்து பிஸ்கோத்துடன் உண்கின்றனர். அடைக்கு வெல்லம் தொட்டுக்கொண்டு வளர்ந்த நாவுக்கு இனிப்பும் காரமும் சேர்ந்த இந்தச் சுவை புதிதன்று. தில்லிக் குளிரில் கல்லிலிருந்து எடுத்த அடையோடு சிறிது வைத்துச் சுவைத்துப் பாருங்கள்.